எல்லோருக்கும் ஐந்து ஒன்பது

வீட்டிலிருந்தே காற்றலையில் பேச அனுமதிக்கும் ஹாம் ரேடியோ லைசென்ஸ் கைக்கு வந்த அன்றைக்கே குமரவேல் ஒரு தப்பு செய்தான். அதை நகரியில் இருக்கிற பாவாவுக்குப் போன் போட்டுச் சொன்னான்.

பாவா என்றால் அவன் அக்காவைக் கட்டியவர், ராஜகோபால். நகரியில் ஜவுளிக்கடை. எதைச் சொன்னாலும் "அதுல இன்னா வரும்?" என்று கேட்கிற மனுஷன். வானத்தில் மழை வருகிறது என்றாலும் அதையேதான் கேட்பார். குமரவேல் லைசென்ஸ் என்றதும் வழக்கம்போலக் கேட்டார். குமரவேலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"இன்னா வருமா? ஆடிக் கிருத்திகைக்கு வந்து பாருங்க பாவா. பச்சை கோட்டு மாட்டிகினு, கையில வயர்லெஸ் வெச்சிகினு மலை மேல நிப்பேன். லட்சம் சனத்தை நாங்கதான் கன்ட்ரோல் பண்றது."

அப்போது தை மாதம். ஆடிக்கு நிறைய நாள் இருந்தது. ஆனால் சொன்ன சொல் அன்றைக்கே நகரி, புத்தூர் என்று உறவு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. இந்த ஆடிக்கு அவன் பச்சை கோட்டோடு மலையில் நிற்காவிட்டால், அடுத்த பத்து வருஷத்துக்கு எந்தக் கல்யாணப் பந்தியிலும் அவனால் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

குமரவேலுக்கு வீட்டின் பின்பக்கம் விசைத்தறிக் கொட்டகை. ஆறு தறி. காலையில் ஓட ஆரம்பித்தால் கொட்டகையில் கை ஜாடைதான் பாஷை. வீட்டுக்குள் வந்து வாயைத் திறந்தாலும் பெண்டாட்டி சுசித்ராவும் கூடவே இருக்கிற மாமியார் கௌரியம்மாளும் சீரியல் வசனத்தைத்தான் கேட்பார்கள். தன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க உலகத்தில் எங்கேயாவது ஒருத்தன் இருப்பான் என்ற நம்பிக்கையில்தான் அவன் படித்து, பரீட்சை எழுதி, ஹாம் ஆனான். பாவம், ஹாம்களைப் பற்றி அவனுக்கு அப்போது தெரியாது.

ஊரில் ஒரு சங்கம் இருந்தது. மலையடிவார ஹாம் நண்பர்கள் சங்கம். தலைவர் டேவிட்சன், ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர். வீட்டு மொட்டை மாடியில் தென்னை உயரத்துக்கு ஆன்டெனா, மேஜை மேல் ஒரு பெட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் அதைவிடப் பெரிய இன்னொரு பெட்டி. அந்தப் பெரிய பெட்டிதான் ஆம்ப்ளிஃபயர். அதைப் பற்றி உறுப்பினர்கள் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

ஞாயிறு விடிந்ததும் சங்கத்துக்குக் காற்றலையில் கூட்டம் நடக்கும். அதற்கு 'நெட்' என்று பெயர். டேவிட்சன் சார் ஒவ்வொரு உறுப்பினராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் பதில் சொல்ல, அவருக்கு சார் மார்க் போடுவார். மார்க் என்றால் இரண்டு எண். முதல் எண் பேச்சு எவ்வளவு தெளிவு என்பதற்கு, ஐந்து வரை. அடுத்தது எவ்வளவு பலம் என்பதற்கு, ஒன்பது வரை. ஐந்து ஒன்பது வாங்கினால் அதற்கு மேல் வாங்க ஒன்றுமில்லை. டேவிட்சன் சாருக்குத் தாராள மனசு. எல்லோருக்கும் ஐந்து ஒன்பதுதான். "ஃபைவ் நைன், வெரி குட் சிக்னல், தேங்க் யூ." கடைசியில், "புதிய நண்பர்கள் யாராவது?" என்பார். நெட்டில் தொடர்ந்து குரல் பதிந்தவருக்குத்தான் கிருத்திகைக் கூட்டத்தில் வயர்லெஸ்ஸோடு உதவுகிற சேவையில் இடமும் பச்சை கோட்டும். அது சங்கத்தின் சட்டம்.

குமரவேல் தன் ஐந்து வாட் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கழுத்து நரம்பு புடைக்கத் தன் அழைப்பெண்ணைக் கத்துவான்.

"புதியவர்கள் யாரும் இல்லை. நன்றி, வணக்கம்" என்பார் சார்.

இப்படியே மாசியும் போனது, பங்குனியும் போனது. குமரவேலுக்கு இன்னொரு குழப்பமும் இருந்தது. அவன் பெட்டியில் டேவிட்சன் சார் குரல் மட்டும் கணீரென்று கேட்கும். அவர் ஐந்து ஒன்பது கொடுக்கிற மற்றவர்கள் குரல் ஒன்றுகூடக் கேட்காது. ஒரே இரைச்சல். தன் பெட்டிதான் சோப்ளாங்கி என்று முடிவு கட்டினான். ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருந்தால் தன் குரலும் போகும், அவர்கள் குரலும் கேட்கும் என்று நினைத்தான். கல்யாண மைக் செட்டைத் தவிர வேறு ஆம்ப்ளிஃபயரைப் பார்த்திராதவன் அப்படித்தான் நினைப்பான்.

டேவிட்சன் சாரை பைபாஸ் டீக்கடையில் பிடித்தான்.

"சார், இந்த ஆம்ப்ளிஃபயர் எப்படி சார் வேலை செய்யுது?"

சார் டீ கிளாஸைக் கீழே வைத்தார். முப்பத்தைந்து வருஷம் வகுப்பெடுத்தவர் முன்னால் இப்படியொரு கேள்வியை வைக்கலாமா? லீனியாரிட்டி என்றார், பயஸ் என்றார், இம்பிடன்ஸ் என்றார், டெசிபல் என்றார். டீக்கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். "அதெல்லாம் ஆழமான தியரி தம்பி. முதல்ல பேசிக்ஸ் படிங்க. அவசரப்படக்கூடாது" என்று முடித்தார். அவருக்கே அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியுமா என்ற சந்தேகம் குமரவேலுக்கு வந்தது. வந்ததை உடனே பாவம் என்று தள்ளிவிட்டான்.

அடுத்து ஸ்டீவனிடம் போனான். ஸ்டீவன் சங்கத்தின் பொருளாளர், அரக்கோணத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடை. தற்பெருமையில் மன்னன். ஆம்ப்ளிஃபயர் விற்கிறவனும் அவனே என்பதால் விளக்கம் கொஞ்சம் நன்றாகவே இருந்தது.

"தெருக்கோடில தண்ணி டேங்க் கீதா? அதுங்கீழ குழாயைத் திருக எவ்ளோ பலம் வோணும்? ரெண்டு வெரலு. தண்ணி உன் வெரல்லேர்ந்தா வருது? டேங்க்லேர்ந்து வருது. உன் பொட்டி குடுக்கற அஞ்சு வாட்டு, அதான் வெரலு. பவர் சப்ளை கீது பாரு, அதான் டேங்க். நடுவுல நான் வெச்சிகிற டிரான்சிஸ்டர்தான் குழாய். நீ திருகற மாதிரியே தண்ணி ஏறி எறங்கி வெளிய வரும். உன் லைசென்ஸுக்கு அம்பது வாட்டுக்கு மேல போவக்கூடாது, அதுக்கு ஏத்த மாதிரி செஞ்சி தர்றேன்."

"ரொம்ப வேகமா திருகிட்டா?"

"அப்போ கண்ட எடத்துல தெறிக்கும். பக்கத்துல பேசிகினு இருக்கறவன் மேலல்லாம் அடிக்கும். மைக்கைத் தின்னுடற மாதிரி பேசாதே. அமைதியா பேசு."

"நம்ம சங்கத்துக்காரங்க பேசறதும் இதால நல்லா கேக்குமா?"

ஸ்டீவன் சிரித்த சிரிப்பில் கவுன்ட்டர் மேலிருந்த ரெசிஸ்டர் டப்பா உருண்டது. "கேக்கறப்போ உள்ள கீற ரிலே சுவிட்சு டக்குனு இதை ஒதுக்கிவுட்டுடும். இது வாய்க்கு மட்டுந்தான். காதுக்கு ஒண்ணும் பண்ணாது."

மாமியார் முகம் கோணினாலும் பெட்டி வீட்டுக்கு வந்தது. ஞாயிறு காலை குமரவேல் சுவிட்சைப் போட்டு மைக்கை அழுத்தினான். அமைதியாகப் பேசு என்று ஸ்டீவன் சொன்னது நினைவிருந்தால்தானே? தறிக்கொட்டகைத் தொண்டையில் கத்தினான். பக்கத்து வீட்டு காலிங்பெல்லில் குருவி கத்தியது. மைக்கை விட்டான், குருவி நின்றது. மறுபடி அழுத்தினான், மறுபடி கத்தியது. பக்கத்து வீட்டம்மா மூன்று தடவை கதவைத் திறந்து பார்த்துவிட்டு, தெருப் பிள்ளைகளை வம்சத்தையே இழுத்துத் திட்டினாள்.

"இன்னா, கேட்டாங்களா?" என்று சுசித்ரா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

கேட்டார்கள். ராஜஸ்தானிலிருந்து ஒருத்தர் அவனை அழைத்து வாழ்த்துச் சொன்னார். கொழும்பிலிருந்து ஒருத்தர் கொஞ்சும் தமிழில் நலம் விசாரித்தார். நெட் ஆரம்பித்ததும் குமரவேல் மைக்கைப் பிடித்தபடி காத்திருந்தான். "புதிய நண்பர்கள் யாராவது?" என்றார் சார். கத்தினான். குருவியும் கத்தியது.

"புதியவர்கள் யாரும் இல்லை. நன்றி, வணக்கம்."

ராஜஸ்தானுக்குக் கேட்கிறது, நான்கு தெரு தள்ளி இருக்கிற டேவிட்சன் சாருக்குக் கேட்கவில்லை. குமரவேலுக்கு அழுகையே வந்துவிட்டது. ஏதோ பெரிய குறை தன்னிடம்தான் என்று நினைத்தான். அடுத்த ஞாயிறு நெட் நேரத்தில் சார் வீட்டுக்கே போய் நேரில் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தான். போனவன், தனியாக உள்ளே நுழையக் கூச்சமாக இருந்ததால், யாரையாவது துணைக்குப் பிடிக்கலாம் என்று சார் வீட்டு வாசலில் நின்றான். சர்ச்சுக்குப் போகிற வழியில் ஸ்டீவன் ஸ்கூட்டரில் வந்தான். சட்டை இஸ்திரி மடிப்புக் கலையவில்லை, கக்கத்தில் பைபிள்.

"இன்னாண்ணா, நெட் நேரத்துல இங்க சுத்திகினு கீறீங்க?" என்றான் குமரவேல்.

"லோயிஸ் அக்காகிட்ட கோயர் பாட்டு வாங்கணும், வா" என்று ஸ்டீவன் உள்ளே அழைத்துப் போனான்.

டேவிட்சன் சார் கூடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். பெரிய பெட்டியில் கனகம்பீரமாக விளக்கெரிந்தது. அறையில் இரைச்சல் இல்லை, கரகரப்பு இல்லை. சபைக்குள் நுழைந்த மாதிரி அப்படியொரு அமைதி. சாரின் மனைவி லோயிஸ் கொண்டைக்குப் பூ வைத்துக்கொண்டே கண்ணாடியில் அவர்களைப் பார்த்துத் தலையசைத்தாள்.

சார் மைக்கில், "அடுத்து நண்பர் ஸ்டீவன், கோ அஹெட்" என்றார். மைக்கை விட்டார். காபியில் இரண்டு மடக்குக் குடித்தார். மறுபடி மைக்கை அழுத்தினார். "ஃபைவ் நைன் ஸ்டீவன். இன்னைக்கு உங்க சிக்னல் ரொம்பப் பிரமாதம். தேங்க் யூ."

குமரவேல் பக்கத்தில் நிற்கிற ஸ்டீவனைப் பார்த்தான். ஸ்டீவன் கொஞ்சமும் கூசாமல், பெருமையாகப் புருவத்தைத் தூக்கினான்.

"அண்ணா, நீங்க இங்கதானே கீறீங்க?"

"ஆங். அதுக்கு?"

லோயிஸ்தான் விளக்கினாள். "அந்தக் கர்ர்ர்ர் சத்தம் காலங்காத்தால எனக்கு மண்டையைப் பொளக்குதுப்பா. ரெண்டு வருசம் முன்னாடியே வால்யூமைக் கொறைச்சிடுங்கன்னு சொன்னேன். கொறைச்சிட்டார். பாவம், சொன்னா கேக்கற மனுசன்."

ஸ்டீவன் அதற்கு மேல் போனான். "எனக்கு மொதல்லயே தெரியும். ஒரு ஞாயித்துக்கெழமை தூங்கிட்டேன், அன்னிக்கும் அஞ்சு ஒம்போது குடுத்தார். அப்பறம் எதுக்குடா எழுந்துக்கணும்? எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் போத்திகினுதான் கீறாங்க. நீ ஒருத்தன்தான் நெஜமாவே கத்திகினு கீறே."

இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காத அந்த மாதங்களின் மர்மம் குமரவேலுக்கு இப்போதுதான் புரிந்தது. அவன் பெட்டி சோப்ளாங்கி இல்லை. அங்கே யாரும் பேசவே இல்லை. ஊரிலேயே சங்கத்தின் சட்டப்படி நடந்த ஒரே ஆள் அவன், சங்கத்தில் பெயர் பதியாத ஒரே ஆளும் அவன்தான்.

சார் திரும்பினார். பிடிபட்டவன் முழியெல்லாம் இல்லை. "என்ன தம்பி, ஏதாவது சந்தேகமா?"

நியாயமாகக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது. தொண்டை வரைக்கும் வந்தது. அங்கே நகரி பாவாவின் முகம் குறுக்கே நின்றது. பச்சை கோட்டு நின்றது.

"ஒண்ணுமில்ல சார். அந்த வரிசையில என் பேரையும் சேத்துக்கினீங்கன்னா..."

"தாராளமா" என்றார் சார். அவருக்குத்தான் எதிலும் தாராள மனசாயிற்றே. அடுத்த ஞாயிறு குமரவேலுக்கு ஐந்து ஒன்பது கிடைத்தது. முதல் வாரம் மட்டும் மரியாதைக்கு எழுந்து உட்கார்ந்து கேட்டான். அப்புறம் அவனும் போர்த்திக்கொண்டான். ஆனாலும் அந்த மார்க்கைத் தானே உழைத்து வாங்கியதாக ஆடிக்குள் அவனுக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

கிருத்திகைக்கு முதல் நாள் ராஜகோபால் வந்து இறங்கினார். ஆம்ப்ளிஃபயரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது எப்படிறா வேலை செய்யுது?"

குமரவேல் நாற்காலியில் சாய்ந்தான். "அதெல்லாம் ஆழமான தியரி பாவா. மொதல்ல பேசிக்ஸ் தெரியணும்" என்றான். பாவா வாயை மூடிக்கொண்டார். அவர் வாய் மூடியதைக் குமரவேல் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தான். அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கு இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டான்.

கிருத்திகையன்று மலை முழுக்கக் காவடி. அரோகரா சத்தத்தில் மேளச் சத்தம் அமுங்கிப் போனது. கூட்டத்தில் எந்தச் செல்போனுக்கும் சிக்னல் கிடைக்கவில்லை; ஹாம்களுக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. அடிவாரப் பந்தலில் டேவிட்சன் சார், சரவணப் பொய்கைக் கரையில் ஸ்டீவன், மலையுச்சியில் கோயில் வாசலுக்குப் பக்கத்தில் பச்சை கோட்டில் குமரவேல். கௌரியம்மாள் பால்குடம் எடுத்திருந்தாள். அம்மா குமரவேலோடு மேலே போயிருக்கிறாள் என்று சுசித்ரா நினைத்தாள். அத்தை சுசித்ராவோடு கீழேயிருந்து வருகிறாள் என்று குமரவேல் நினைத்தான்.

ராஜகோபால் போனை நீட்டி வீடியோ எடுக்கத் தொடங்கினார். "நகரிக்குக் காட்டணும்டா. ஏதாவது பேசு."

குமரவேல் தோரணையாக நின்றான். வயர்லெஸ் கரகரத்தது.

"அந்தச் சத்தம் வீடியோவக் கெடுக்குது" என்றார் பாவா.

குமரவேல் வால்யூமைத் திருகினான். பெட்டி முணுமுணுப்பாகச் சுருங்கியது. அப்படியே கேமராவுக்கு முகத்தைக் கொடுத்து, கூட்டத்தை எப்படிப் பிரித்து அனுப்புகிறோம், எத்தனை முனையில் ஆள் நிற்கிறோம் என்று பேசினான். நடுவில் பெட்டி முணுமுணுத்து நின்றபோதெல்லாம் மைக்கை அழுத்தி, "ஃபைவ் நைன். வெரி குட் சிக்னல். தேங்க் யூ" என்றான். மூன்று தடவை சொன்னான். ஒவ்வொரு தடவையும் பாவா தலையை ஆட்டி ரசித்தார்.

மத்தியானம் சுசித்ரா கூட்டத்தில் நீந்தி மேலே வந்து, "அம்மா எங்கே?" என்று கேட்டபோதுதான் இரண்டு பேருக்கும் விஷயம் தெரிந்தது. தேடினார்கள். போலீஸ் மைக்கில் சொல்லச் சொன்னார்கள். ஒவ்வொரு படியாக இறங்கிக் கேட்டார்கள். வால்யூமைக் குறைத்து வைத்த பெட்டியின் நினைவே குமரவேலுக்கு வரவில்லை. சுசித்ராவின் கண்ணீரைப் பார்க்கக் குமரவேலால் முடியவில்லை. சாயங்காலம் சோர்ந்து வீடு திரும்பினால், கௌரியம்மாள் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே படுத்திருக்கிறாள். பக்கத்தில் ஸ்டீவன் காபி குடித்துக்கொண்டிருந்தான்.

பொய்கைக் கரையில் தலைசுற்றி விழுந்திருக்கிறாள். அங்கே நின்ற ஸ்டீவனின் பச்சை கோட்டைப் பிடித்து, "என் மருமவன் குமரவேலைக் கூப்புடு" என்றிருக்கிறாள். அவனும் கூப்பிட்டிருக்கிறான். ஹாம் ஆன நாளிலிருந்து ஸ்டீவனுக்குச் சொல்வதற்கென்று ஒரு விஷயம் கிடைத்தது அன்றைக்குத்தான். வெகு நேரம் பார்த்துவிட்டு, ஆட்டோ பிடித்து, வழி கேட்டுக் கேட்டு வீட்டில் சேர்த்திருக்கிறான்.

"மூணு தபா கூப்ட்டாரு மாப்ள. நீ வரவேயில்ல" என்றாள் கௌரியம்மாள். குரல் கம்மியிருந்தது.

குமரவேல் ஸ்டீவனைப் பார்த்தான். ஸ்டீவன் காபியைப் பார்த்தான். காட்டிக்கொடுக்கிற ஆள் இல்லை அவன்.

"அந்த எடத்துல மலை மறைக்கும் அத்தை" என்றான் குமரவேல். "சின்னப் பொட்டி. பவர் பத்தாது. அதுக்குத்தான் ஆம்ப்ளிஃபயர் வோணும்ன்றது. கேட்டிருந்தா பறந்து வந்திருக்க மாட்டேனா?"

நன்றாகத்தான் சொன்னான். சுசித்ராகூட நம்பி, அவன் தோளில் கை வைத்தாள். வீட்டில் கனத்திருந்த காற்று லேசானது. அந்த நேரம் பார்த்து ராஜகோபால், பாவம், மச்சானுக்கு நல்லது செய்வதாக நினைத்து, "அழாதம்மா. உன் வூட்டுக்காரன் எவ்ளோ பெரிய வேலை பாத்தான்னு இதைப் பாரு" என்று போனை டீவியில் சேர்த்து வீடியோவை ஓடவிட்டார்.

டீவியில் பச்சை கோட்டு பளபளத்தது. குமரவேல் கூட்டத்தைக் கைகாட்டிப் பேசினான். அவன் இடுப்பருகே பெட்டி முணுமுணுத்தது. மலையில் முணுமுணுப்பாக இருந்தது, டீவி ஸ்பீக்கரில் வார்த்தை வார்த்தையாக வந்தது.

"குமரவேல், குமரவேல், பொய்கைலேர்ந்து ஸ்டீவன். உன் மாமியாரு கௌரியம்மா மயங்கிட்டாங்க. ஒடனே எறங்கி வா. கேக்குதா?"

டீவிக் குமரவேல் சிரித்தபடி மைக்கை வாயருகே கொண்டுபோனான். "ஃபைவ் நைன். வெரி குட் சிக்னல். தேங்க் யூ."

ராஜகோபால் ரிமோட்டைத் தேடினார், கிடைக்கவில்லை. இரண்டாம் தடவையும் ஓடியது. "உன் பேரைச் சொல்லி அழுவுறாங்கப்பா." "ஃபைவ் நைன். தேங்க் யூ." மூன்றாம் தடவை சுசித்ராவே எழுந்து போய் சுவிட்சை அணைத்தாள். பாவா "அதுல இன்னா வரும்?" என்று கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று குமரவேலுக்கு இருந்தது.

கௌரியம்மாள் மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். அவள் குரலில் கோபமே இல்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"மாப்ள, ஃபைவ் நைன்னா இன்னா?"

யாரும் உதவிக்கு வரவில்லை. சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

"நீங்க பேசறது... ரொம்பத் தெளிவா, ரொம்ப நல்லா கேக்குதுன்னு அர்த்தம், அத்தை."

கௌரியம்மாள் மகள் பக்கம் திரும்பி, "அந்தத் தம்பிக்கு இன்னொரு காபி குடும்மா" என்று ஸ்டீவனைக் காட்டினாள்.